தகும் உரைகாரன்: நன்னூல் பாயிர விதிகளின் வழி தற்சார்பு எழுத்தாளரும் மதிப்புரையும்

ஆய்வுச்சுருக்கம்

பதிப்பகத்தின் துணையின்றித் தம் நூலைத் தாமே வெளியிடும் எழுத்தாளர், அந்நூலுக்கு மதிப்புரை பெறுவதிலும் வந்த மதிப்புரையை எதிர்கொள்வதிலும் அதன்வழி அடுத்த எழுத்து வாய்ப்பைத் தேடுவதிலும் தனித்து நிற்கிறார். இந்நிலையை நன்னூலின் பாயிர விதிகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தற்புகழ்ச்சியை விலக்கும் பவணந்தியார், அதற்கு நான்கு இடங்களில் இசைவும் தருகிறார். பிறர் பாயிரம் உரைப்பதையோ கடமையாக விதிக்கிறார். இசைவுக்கும் கடமைக்கும் உள்ள இந்த வேறுபாடு உ.வே.சாமிநாதையர், சி.சு.செல்லப்பா, க.நா.சுப்ரமண்யம் ஆகியோரின் செயல்களில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதும், இன்றைய கல்விப்புலம் அக்கடமையை எவ்வாறு கைவிட்டது என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நன்னூல், சிறப்புப்பாயிரம், மதிப்புரை, தற்சார்பு எழுத்தாளர், தன்வெளியீடு, எழுத்து, க.நா.சு.

முன்னுரை

எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடைப்பட்ட அத்திப்பட்டிலிருந்து இக்கட்டுரையாளருக்கு ஓர் அஞ்சற்பொதி வந்தது. அப்பகுதித் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் முறையில் பணியாற்றும் ஒருவர் தம் சொந்தச் செலவில் அச்சிட்ட சிறுகதைத் தொகுதியின் இரண்டு படிகள் அதில் இருந்தன. உடன் வந்த ஒரு பக்கக் கடிதத்தில் மூன்று வேண்டுகோள்கள். நூலுக்கு மதிப்புரை எழுத வேண்டும். வேறு எந்த இதழ்களுக்கு அனுப்பலாம் எனத் தெரிவிக்க வேண்டும். மேலும் எழுதுவதற்கு எங்கேனும் வாய்ப்பிருந்தால் சொல்ல வேண்டும். நூல் எதைப் பற்றியது என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. தம் நூலைப் பற்றித் தாமே சொல்வது முறையன்று என்று மட்டும் எழுதியிருந்தார்.

அப்பொதி ஏழு மாதங்கள் மேசையிலேயே கிடந்தது. அலட்சியம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கட்டுரை எழுதினால் பணி உயர்வுக்கு உதவும். மதிப்புரை எழுதினால் எதற்கும் உதவாது என்ற கணக்கும் உள்ளே இருந்தது. அந்தக் கடிதத்தின் கடைசி வரி நன்னூலை நினைவூட்டியபோதுதான் இக்கட்டுரைக்கான வினா பிறந்தது. தன்னைப் புகழ்தல் தகாது என்ற பழைய விதியை அவர் காக்கிறார். அவ்விதியின் மறுபாதியை நாம் காக்கிறோமா?

பாயிரம் உரைப்போர் நால்வர்

நன்னூல் பாயிரத்துக்குத் தரும் ஏழு பெயர்களுள் முகவுரை, அணிந்துரை ஆகியன இன்றும் நூல்களின் முன்பக்கங்களில் வழங்குகின்றன. மதிப்புரை என்னும் சொல் அப்பட்டியலில் இல்லை, இருக்கவும் இயலாது. பாயிரம் நூலோடு சேர்ந்தே வருவது. மதிப்புரை நூலுக்கு வெளியே, நூலாசிரியரின் பிடிக்கு அப்பால் பிறப்பது.

சிறப்புப்பாயிரத்தில் இடம்பெற வேண்டியவையாக நன்னூல் கூறுவன: நூலாசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் இவற்றோடு கூட்டிக் கொள்வாரும் உண்டு என்கிறது. நூல் நன்றா தீதா என்ற தீர்ப்புக்கு இதில் இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நூல் எது, யாருக்கு, எதற்கு என்று அறிவிப்பதே அதன் பணி. இன்று நாளிதழ்களில் 'நூல் அறிமுகம்' என்ற தலைப்பில் வருவன பெரும்பாலும் இந்தப் பணியையே செய்கின்றன. அவற்றை மதிப்புரையாகாதவை என்று ஒதுக்குவோர், அவை பாயிர மரபின் நேர் வாரிசுகள் என்பதை மறந்துவிடுகின்றனர்.

பாயிரம் உரைப்பதற்கு உரியோராகப் பவணந்தியார் கூறும் நால்வர்: நூலாசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரைத் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்று உரைமரபு கொள்வது இதற்குப் பொருந்துகிறது. முதல் மூவரும் நூலாசிரியரோடு கல்வி உறவு உடையவர்கள். அந்த உறவு வட்டம் இல்லாதவர் என்ன செய்வார்? தமிழை முறையாகப் பயிலாத, கல்லூரித் தமிழ்த்துறையோடு தொடர்பற்ற, ஓர் இலக்கியக் குழுவிலும் சேராத எழுத்தாளருக்கு நால்வரில் எஞ்சுபவர் ஒருவரே. அவர் உரைகாரர். நூலுக்கு உரை வகுப்பவர் என்ற பொருளில் நன்னூல் அவரைச் சுட்டுகிறது. நூலைக் கற்று, அதன் பொருளைப் பிறர்க்கு விளக்கும் தகுதியும் கூலியும் பெற்ற இன்றைய தமிழாசிரியரை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் துணிபு.

இங்கு இரண்டு சொற்கள் முக்கியமானவை. பிறர் பாயிரம் உரைப்பதைக் குறிக்கும் நூற்பா 'கடன்' என்ற சொல்லால் முடிகிறது. புலவன் தன்னைப் புகழ்தலைக் குறிக்கும் நூற்பாவில் வருவதோ 'தகும்' என்ற சொல். முன்னது கடமை, பின்னது இசைவு. நூலுக்காகப் பேசும் பொறுப்பைப் பவணந்தியார் எவர் தோளில் ஏற்றுகிறார் என்பது இதனால் விளங்கும்.

தன்னைப் புகழத் தகும் இடங்கள்

எத்தனை அரிய நூலைச் செய்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்று விதித்த நன்னூல், அடுத்த நூற்பாவிலேயே விதிவிலக்குகளைத் தருகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதவரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி தம்மைப் பழிக்கும்போதும் புலவர் தம்மைப் புகழ்ந்து கொள்ளலாம். இந்நான்கும் ஒரு தற்சார்பு எழுத்தாளரின் நடைமுறை வாழ்வோடு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகின்றன.

ஓலை விடுத்தல் இன்று விண்ணப்பம் எழுதுதல். நூலைத் தாமே வெளியிடுபவர் சட்டத்தின் பார்வையில் பதிப்பாளரும் ஆவார். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பிற பொது நூலகங்களுக்கும் படி அனுப்ப வேண்டியவர் அவரே. பன்னாட்டுத் தரப் புத்தக எண்ணை ராஜா ராம்மோகன் ராய் முகமை கட்டணமின்றி வழங்குகிறது. தனி ஆசிரியரும் அதைப் பெறலாம். தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் வகைப்பாடுகள் வகுத்துச் சிறந்த நூல்களுக்குப் பரிசளிக்கிறது. நூல் வெளியிட நிதியுதவியும் தருகிறது. பொது நூலகத் துறையின் நூல் கொள்முதலுக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. இவ்விண்ணப்பங்களில் நூலின் சிறப்பைக் கூறும்படி கேட்கும் இடத்தில் கூச்சத்தால் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வோர் பலர். அங்கே கூச்சம் தேவையில்லை என்று எழுநூறு ஆண்டுகளுக்கும் முந்தைய இலக்கணமே சொல்லிவிட்டது.

அறியாதாரிடத்துத் தம்மை அறிவித்தல் என்பது இதழாசிரியருக்கு எழுதும் முதற்கடிதம். அத்திப்பட்டு எழுத்தாளரின் கடிதம் இந்த இடத்தில்தான் தவறியது. அவர் தம் கதைகள் நிகழும் களத்தையும் தாம் அறிந்த தொழிலையும் நான்கு வரியில் கூறியிருந்தால் அது தற்புகழ்ச்சி ஆகியிராது. பாயிரத்தின் எட்டுக் கூறுகளில் தீர்ப்பு இல்லை என்று மேலே கண்டோம். அந்த எட்டைக் கூறுவதில் எந்த எழுத்தாளரும் நாணவேண்டியதில்லை.

வாதத்தைப் பற்றி இங்கு விரிவாகக் கூற வேண்டியதில்லை. கருத்தரங்க மேடை கிடைப்பவருக்கே அது பொருந்தும்.

பழிக்கு மறுமொழி: சாமிநாதையர் கிழிபட விட்ட தாள்

நான்காவது இடமே மிகச் சிக்கலானது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது அவருக்குப் பின்னால் பதிப்பகம் இல்லை. கையொப்பக்காரர்களிடம் முன்பணம் திரட்டி, கும்பகோணம் கல்லூரியின் விடுமுறைகளில் சென்னை வந்து அச்சுப்பணியைக் கவனித்தவர் அவர். இன்றைய பொருளில் அவர் ஒரு தன்வெளியீட்டாளர்.

நூல் வெளிவந்தபின் பாராட்டுகளோடு கண்டனங்களும் துண்டறிக்கைகளாக வந்தன. பதிப்பில் பிழைகள் மலிந்திருப்பதாகவும் பதிப்பித்தவருக்குத் தகுதி இல்லை என்றும் சாடினர். நன்னூலின் இசைவு அவருக்கு முழுமையாக இருந்த தருணம் அது. ஒரு மறுப்பை எழுதவும் செய்தார். அதைத் தம் கல்லூரிப் பேராசிரியர் சாது சேஷையரிடம் காட்டினார். சேஷையர் அத்தாளைக் கிழித்தெறிந்து, இதில் பொழுதைச் செலவிடாமல் அடுத்த வேலையைப் பார்க்கும்படி அறிவுறுத்தினார். இந்நிகழ்ச்சியைச் சாமிநாதையரே 'என் சரித்திர'த்தில் பதிவு செய்துள்ளார்.

இதனை 'விமர்சனத்துக்குப் பதில் சொல்லாதே' என்ற பொது அறிவுரையாகக் கொள்வது வழக்கம். அது முழு உண்மையன்று. பத்துப்பாட்டு 1889இலும் சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் வெளிவந்தன. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் திருத்தங்களோடு வந்தது. பழிப்புரையில் இருந்த வசையை அவர் விட்டுவிட்டார். பிழை உண்டு என்ற செய்தியை விடவில்லை. மறுமொழி உண்டு, அது வந்த இடமும் காலமும் வேறு. 'தகும்' என்பது இசைவே அன்றிக் கட்டளை அன்று என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் சான்று எளிதில் கிட்டாது.

இதில் இன்னொன்றையும் நோக்க வேண்டும். சாமிநாதையருக்கு ஒரு சேஷையர் இருந்தார். மறுப்பைப் படித்துக் கிழிப்பதற்கு அருகில் ஒருவர் இல்லாத எழுத்தாளர், இரவோடு இரவாக அதை அனுப்பியும் விடுவார்.

செல்லப்பா: எல்லாப் பணியும் ஒருவரே

சி.சு.செல்லப்பா (1912–1998) 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அது 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. அதனோடு எழுத்து பிரசுரமும் இயங்கியது. 1959இல் அவருடைய 'வாடிவாசல்' அங்கிருந்தே வெளியாயிற்று. எழுத்தில் வந்த கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்து 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுதியைக் கொண்டுவந்தார். ந.பிச்சமூர்த்தியின் கவிதைகளை நூலாக்கியவரும் அவரே.

இதழாசிரியர், திறனாய்வாளர், பதிப்பாளர், விற்பனையாளர் ஆகிய நான்கும் ஒருவரே என்பதால் எழும் அறச்சிக்கலை மறைக்கத் தேவையில்லை. தாம் வெளியிட்ட கவிஞரைத் தாமே ஆராய்ந்து தம் இதழிலேயே எழுதும்போது, அது மதிப்புரையா பாயிரமா என்ற ஐயம் எழுவது இயல்பு. செல்லப்பா வரித்துக்கொண்ட அலசல் முறைக்கு இந்தச் சூழலும் ஒரு காரணமாக இருக்கலாம் எனத் தோன்றுகிறது. வெறும் பாராட்டை எவரும் சந்தேகிப்பர். ஒரு கவிதையை வரிவரியாகப் பிரித்துக் காட்டினால் வாசகர் தாமே ஒப்பிட்டுப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ இயலும். உறவுடையவர் எழுதும் மதிப்புரை நம்பத்தக்கதாவதற்கு அவர் கண்ட வழி, தீர்ப்பைக் குறைத்துச் சான்றைக் கூட்டுவது. நண்பர் நூலுக்கு எழுத நேரும் ஆய்வாளர் எவருக்கும் இது பயன்படும்.

நூல்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் செல்லப்பா என்பது இலக்கிய உலகில் பலரும் சொல்லும் செய்தி. பெரும்பாலும் தியாகக் கதையாகவே இது சொல்லப்படுகிறது. அதன் நடைமுறைக் கூர்மையைக் கவனித்தோர் குறைவு. நாளிதழ் மதிப்புரை எட்டாத நூலுக்குத் தமிழ்த்துறை ஆசிரியரும் மாணவரும் நேரடி வாசகர் ஆயினர். புதுக்கவிதையைக் கல்விப்புலம் ஐயத்தோடு பார்த்த காலத்தில் 'புதுக்குரல்கள்' பின்னர்ப் பல்கலைக்கழகப் பாடநூலாகவும் ஆனதற்கு இந்த அலைச்சலையும் ஒரு காரணமாகக் கருத வேண்டும். அரசவைக்கு ஓலை விடாமல் தாமே அவைக்குள் நடந்து சென்றவர் அவர்.

வாழ்நாளின் இறுதியில் மூன்று பகுதிகளாக அமைந்த 'சுதந்திர தாகம்' நாவலையும் அவரே வெளியிட்டார். 2001ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது அந்நாவலுக்குக் கிடைத்தபோது அவர் இல்லை. 'வாடிவாசல்' ந.கல்யாண்ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2013இல் வந்தது. 1959க்கும் 2013க்கும் இடையில் 54 ஆண்டுகள்.

க.நா.சு.: மதிப்புரையே வாயிலாக

செல்லப்பாவின் சமகாலத்தவரான க.நா.சுப்ரமண்யம் (1912–1988) வேறு வழியில் சென்றார். நிலையான வேலையை நாடாமல் எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட அவருக்கு மதிப்புரை ஒரு தொழிற்கருவி. 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் அவர் எழுதிய அறிமுகங்கள் நல்ல தமிழ் நூல்களைச் சுருக்கமாகச் சொல்லி, படிக்கத் தூண்டுபவை. நன்னூலின் எட்டுக் கூறுகளோடு தம் சுவையையும் ஒன்பதாவதாகச் சேர்த்தவை என்று அவற்றைக் கூறலாம். அவர் சுவையையே அளவுகோலாக்கியதையும் பட்டியல் இடுவதையும் கைலாசபதி முதலியோர் கடுமையாக மறுத்தனர். செல்லப்பாவும் அவரோடு இவ்விடத்தில் உடன்படவில்லை. 'எழுத்'தில் தொடக்கத்தில் பங்கேற்ற க.நா.சு. பின்னர் 'இலக்கிய வட்டம்' இதழைத் தனியே தொடங்கினார்.

பட்டியல் குறித்த அந்த மறுப்புகளில் நியாயம் உண்டு. காரணம் கூறாத தீர்ப்பு வாதத்துக்கு உட்படாது. எனினும் தற்சார்பு எழுத்தாளரின் இடத்திலிருந்து பார்த்தால் அப்பட்டியல்களின் பயன் வேறாகத் தெரிகிறது. முகவரியற்ற ஒரு நூலின் பெயர் பலர் படிக்கும் இடத்தில் அச்சேறுகிறது. யாரோ ஒருவர் அதைத் தேடுகிறார். க.நா.சு.வின் கவனம் அத்தோடு நின்றுவிடவும் இல்லை. நீல.பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இல் வெளிவந்தது. அதை 1972இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் க.நா.சு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஓர் எழுத்தாளரின், வட்டார வழக்கில் எழுதப்பட்ட நாவல் நான்கே ஆண்டுகளில் மொழி எல்லையைக் கடந்தது. மேலே கூறிய 54 ஆண்டுகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூலின் தகுதியில் உள்ள வேறுபாட்டால் விளைந்ததன்று இது. தகும் உரைகாரர் ஒருவர் உரிய காலத்தில் வாய்த்தாரா என்பதால் விளைந்தது.

அவருக்கும் மதிப்புரை வாயிலாயிற்று. உலக இலக்கியம் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தவர் நட் ஹாம்சனின் 'நிலவளம்', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', லாகர்குவிஸ்டின் 'அன்பு வழி' ஆகியவற்றைத் தமிழாக்கினார். பிறர் நூலைப் பற்றிக் கூர்மையாக எழுதுவது தம் நூலைப் பற்றிப் பேசாமலேயே தம் ஆற்றலை அறிவிக்கும் வழி. புதிதாக எழுத வருவோர் முதலில் மதிப்புரை எழுதிப் பழகலாம் என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கடன் கழிந்த இடம்

2018ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு ஒழுங்குமுறையில், ஆசிரியர்களின் ஆய்வு மதிப்பெண்ணைக் கணக்கிடும் அட்டவணை உள்ளது. ஆய்விதழ்க் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. நூலுக்கும், தொகுப்பு நூலின் இயலுக்கும், மொழிபெயர்ப்புக்கும் உண்டு. மதிப்புரைக்கென்று ஓர் இனம் இல்லை. இதன் விளைவைப் பலரும் அறிவோம். இருபது முறை ஆராயப்பட்ட நாவலை இருபத்தொன்றாம் முறை ஆராயும் கட்டுரைக்குப் பயன் உண்டு. ஒருவரும் படிக்காத நூலை முதன்முறை படித்துச் சொல்வதற்குப் பயன் இல்லை. தமிழ் ஆய்விதழ்கள் சில மதிப்புரைப் பகுதியையே விட்டுவிட்டன. மதிப்புரை இல்லாத நூல் ஆய்வுத்தலைப்பாக வருவது அரிது. ஆய்வுத்தலைப்பாகாத நூல் பாடத்திட்டத்துக்கு வருவது அதனினும் அரிது. தற்சார்பு எழுத்தாளர் இந்தச் சங்கிலியின் முதற்கண்ணியிலேயே வெளியே நிறுத்தப்படுகிறார். அவரிடம் எஞ்சுவது தம்மைத் தாமே விளம்பரப்படுத்தும் இசைவு மட்டும். அதைச் செய்தால் தற்புகழ்ச்சிக்காரர் என்று முகம் சுளிப்பவர்களும் நாமே.

எண்ணூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை நீளும் தொழிற்பகுதி போன்ற இடங்களிலிருந்து வரும் எழுத்துக்கு இவ்விழப்பு கூடுதலானது. அனல்மின் நிலையமும் துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த அவ்வாழ்வை உள்ளிருந்து எழுதுவோர் பெரும்பாலும் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். நால்வருள் முதல் மூவர் அவர்களுக்கு இல்லை.

மேசையில் கிடந்த அத்தொகுதிக்கு ஒருவாறு மதிப்புரை எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன், அது வெளியாயிற்று. அதில் ஒரு கதையின் காலக்கணக்கைக் குறையாகச் சுட்டியிருந்தேன். தொழிலாளி ஒருவரின் வருகை 14ஆம் தேதியில் பதிவாகிறது. அதே பணிநேரத்தில் நேரும் விபத்தோ 15ஆம் தேதி நிகழ்ந்ததாகக் கதை சொல்கிறது. ஆசிரியர் கவனிக்கத் தவறிவிட்டார் என்று எழுதினேன். இரண்டு வாரங்களில் ஓர் அஞ்சலட்டை வந்தது. சி ஷிப்ட் இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும் என்றும், வருகை தொடங்கிய நாளின் தேதியிலேயே பதிவாகும் என்றும், விபத்து நள்ளிரவுக்குப் பின் நேர்ந்தது என்றும், இழப்பீடு கேட்கும்போது அந்தத் தேதிக் குழப்பமே தொழிலாளிக்கு எதிராகத் திரும்புவதுதான் கதை என்றும் அவர் எழுதியிருந்தார். பழிக்கும்போது பேசலாம் என்ற இசைவை அவர் பயன்படுத்திக்கொண்டார். கதையின் மையத்தையே பிழை என்று எழுதிய உரைகாரனின் திருத்தம் அச்சிற்றிதழுக்கு அனுப்பப்பட்டுள்ளது.